படத்தின் ரூபாந்தரம்

1972-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் கான்ஸாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் போதித்து வந்தவரும், பெங்களூரில் பிறந்து அந்நகரிலேயே பொறியியற் பட்டம் பெற்றவருமான நஸீர் அகமது, படங்களைச் சுருக்கிச் சேமிப்பதற்கு கொஸைன் என்னும் திரிகோணகணிதச் சார்பு எவ்வளவு தூரம் உதவும் என்று ஆராய விரும்பி, அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான நிறுவனத்திடம் மானியம் கோரி விண்ணப்பித்தார். மானியம் மறுக்கப்பட்டது. யோசனை மிகவும் எளிதானதாகத் தோன்றுகிறது என்பது பரிசீலித்தவர்களுள் ஒருவருடைய அபிப்பிராயமாக இருந்ததென்று அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஆயினும் அவர் அந்த யோசனையைக் கைவிடவில்லை. தம் ஆராய்ச்சி மாணவரான டி. நடராஜனையும், டெக்ஸாஸ் மாநிலத்து ஆர்லிங்டனில் பேராசிரியராயிருந்த நண்பர் கே. ஆர். ராவையும் துணைகொண்டு 1973-ஆம் ஆண்டுக் கோடையில் அவர் செய்த ஆராய்ச்சி, 1974 ஜனவரியில், நான்கே பக்கமுள்ள ஒரு கட்டுரையாக வெளிவந்தது. அந்த ராவ் சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1952-ல் பட்டம் பெற்றவர் என்பதைத் தமிழ் வாசகர்கள் மகிழ்ச்சியோடு அறிந்துகொள்ளலாம். இன்று கைபேசியில் எடுத்து அனுப்பப்படும் கல்யாணப் படமும், பத்திரிகைக்கு வந்து சேரும் வெள்ளச் சேதப் படமும், விண்ணப்பத்தில் ஒட்டாமலே ஒட்டப்படும் முகப் படமும் பெரும்பாலும் அந்த நான்கு பக்கக் கணிதத்தின்மேல்தான் நிற்கின்றன. 1986-ல் கூடிய சர்வதேச நிபுணர் குழு அக்கணிதத்தை ஆதாரமாகக் கொண்டு 1992-ல் வகுத்தளித்த வடிவத்துக்கு, அந்தக் குழுவின் பெயர்ச்சுருக்கமே பெயராகி, ஜேபெக் என்று நிலைத்துவிட்டது.

ஜேபெக், பிஎன்ஜி, ஜிஃப், டிஃப், வெப்பி, எச்இஐசி என்று இப்போது புழங்கும் வடிவங்கள் பல. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படத்தை மாற்றுவது, கைவிரலால் ஒரு பட்டனைத் தொட்டால் முடிந்துபோகிற காரியமாக இருப்பதனாலேயே, அதில் ஆலோசிக்க என்ன இருக்கிறது என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும், படத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்ற ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது. படத்துக்கு உரியவர் அறியாமலே மென்பொருள் அந்தத் தீர்ப்பைச் செய்துவிடுகிறது. விடப்பட்டது பிறகு எந்த உபாயத்தாலும் திரும்புவதில்லை. இந்த ஓர் உண்மை வீடுதோறும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜேபெக் என்ன செய்கிறது என்பதைச் சற்று அருகிருந்து பார்ப்போம். 12 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் படம் ஒன்று, குறுக்கே 4032 பிக்சலும் நெடுக்கே 3024 பிக்சலும் கொண்டது. ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் வீதம் அப்படியே எழுதிவைத்தால் ஏறக்குறைய 36 எம்பி இடம் பிடிக்கும். அதே படம் ஜேபெக்காக மூன்று நான்கு எம்பியில் அடங்கிவிடுவது எப்படி? முதலாவதாக, ஒளியின் ஏற்றத்தாழ்வையும் வர்ணத்தையும் அது தனித்தனியே பிரிக்கிறது. மனிதக் கண் ஒளியின் பேதங்களைக் கூர்மையாகவும் வர்ணத்தின் பேதங்களை மங்கலாகவும் காண்பதாகலின், ஒளியை முழுமையாக வைத்துக்கொண்டு, வர்ணத்தை நான்கு பிக்சலுக்கு ஒரு குறிப்பு என்ற அளவுக்குக் குறைத்துவிடுவது வழக்கம். அடுத்து, படம் முழுவதையும் எட்டுக்கு எட்டு என்ற சிறு சதுரங்களாக வகுக்கிறது. நாம் எடுத்துக்கொண்ட படத்தில் அத்தகைய சதுரங்கள் 1,90,512. ஒவ்வொரு சதுரத்திலும் உள்ள 64 ஒளி மதிப்புகள், அகமதுவின் கணிதத்தால், வேறு 64 எண்களாக உருமாறுகின்றன. அவற்றுள் முதலாவது அந்தச் சதுரத்தின் சராசரி ஒளியைச் சொல்லும். மற்றவை, மெல்லிய ஏற்ற இறக்கம் முதல் மிக நுண்ணிய வரி வரையுள்ள மாறுதல்களை வரிசையாகச் சொல்லும்.

இதுவரையில் நஷ்டம் பெரிதாக இல்லை. நஷ்டம் அடுத்த படியில்தான் இருக்கிறது. 64 எண்களும் ஓர் அட்டவணையிலுள்ள 64 எண்களால் வகுக்கப்பட்டு, பின்னம் நீக்கி முழு எண்ணாக்கப்படுகின்றன. தரநிலையில் மாதிரியாகக் கொடுக்கப்பட்டுள்ள அட்டவணையில், சராசரி ஒளியைச் சொல்லும் முதல் எண்ணுக்கு உரிய வகுஎண் 16. நுண்ணிய வரியைச் சொல்லும் கடைசி எண்ணுக்கு உரியது 99. கடைசி இடத்தில் 40 என்ற மதிப்பு இருந்ததென்றால், அதை 99-ஆல் வகுத்து முழு எண்ணாக்கும்போது பூஜ்யமாகிவிடுகிறது. படத்தைத் திறக்கும்போது மென்பொருள் மறுபடி 99-ஆல் பெருக்கிப் பார்க்கும். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யந்தானே? இவ்விதம் பூஜ்யங்கள் மலிந்த வரிசையைச் சுருக்கி எழுதுவது எளிது. கோப்பு சிறுத்துப் போவதன் இரகசியம் இதுவே. தெளிந்த வானம் உள்ள சதுரத்தில் நுண்ணிய மாறுதல் எதுவும் இல்லையாகையால் இதனால் ஒரு குறையும் நேராது. பட்டுப் புடவையின் ஜரிகையும், குழந்தையின் கண்ணிமை மயிரும், பாட்டியின் கன்னத்துச் சுருக்கமும் உள்ள சதுரங்களில்தான், தரத்தைக் குறைக்கக் குறைக்க, நாம் எதற்காகப் படம் எடுத்தோமோ அதுவே தேய்கிறது.

இந்தத் தேய்வு ஒரு தடவையோடு நிற்பதில்லை. ஜேபெக் படத்தைத் திறந்து பார்ப்பதனாலோ, கோப்பை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குப் பிரதி எடுப்பதனாலோ எவ்விதக் கேடும் இல்லை. இவ்விஷயத்தில் வீண் பயம் வேண்டாம். ஆனால் அதை வெட்டியோ, அளவு மாற்றியோ, வேறு தரத்திலோ மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு தரமும், சதுரம் பிரித்தலும் வகுத்தலும் முழு எண்ணாக்கலும் புதிதாக நடந்து, பழைய பிழையின்மேல் புதிய பிழை ஏறுகிறது. முற்காலத்தில் ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏடு எழுதினவர், தம் கைப்பிழையைச் சேர்த்துவிட, அதைப் பார்த்து எழுதினவர் மேலும் ஒன்றைச் சேர்க்க, நாளடைவில் மூலத்தின் சொல் எது, எழுதினவர் சொல் எது என்று தெரியாமற்போன கதையை நாம் நன்கு அறிவோம். சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர், ஊர் ஊராகச் சென்று பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் களைந்தார்கள். பல ஏடுகள் எஞ்சியிருந்ததனால் அது சாத்தியமாயிற்று. கைபேசிக் குழுக்களில் பத்துக் கை மாறி வந்து, மூலத்தை எடுத்தவரும் அதை அழித்துவிட்ட ஒரு படத்துக்கு ஒப்புநோக்க வேறு பிரதி எங்கே இருக்கிறது?

தமிழ் எழுத்துள்ள பக்கங்களை ஸ்கேன் செய்பவர்கள் இவ்விஷயத்தில் மற்றவர்களைவிட ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்பது, ஒளி திடீரென்று ஏறி இறங்கும் இடம். ஜேபெக் முறைக்கு இதைப்போல் ஒவ்வாதது வேறில்லை. தரம் குறைந்த ஜேபெக்கில் சேமித்த பழம் பத்திரிகைப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒவ்வோர் எழுத்தைச் சுற்றிலும் சாம்பல் நிறத்தில் ஒரு கலங்கல் படர்ந்திருப்பதையும், மெய்யெழுத்தின் தலைமேலுள்ள புள்ளி அக்கலங்கலில் கரைந்து போயிருப்பதையும், ணகரமும் னகரமும் ஒன்றையொன்று நெருங்கியிருப்பதையும் காணலாம். மனிதர் பொருள் நோக்கிப் படித்துக்கொள்வார். எழுத்துணரி மென்பொருளோ தடுமாறும். ஓலையில் எழுதிய காலத்தில் ஏடு கிழிந்துவிடுமென்று புள்ளியை விட்டார்கள். அச்சில் நாம் திரும்பப் பெற்ற அந்தப் புள்ளியை, சில கேபி மிச்சம் பிடிப்பதற்காக மறுபடி இழப்பது நியாயமன்று.

எழுத்து கலங்குவதாவது கண்ணுக்குத் தெரிகிறது. கலங்காமலே மாறிவிடுவது அதனினும் பயங்கரம். 2013-ல் ஜெர்மனியில் டேவிட் கிரீசெல் என்ற கணினி அறிஞர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் இயந்திரம் ஒன்றில் ஸ்கேன் செய்யப்பட்ட கட்டட வரைபடத்தில், வெவ்வேறு பரப்புள்ள மூன்று அறைகளும் 14.13 சதுர மீட்டர் என்றே குறிக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். தாளில் ஓர் அறைக்கு 21.11 என்றும், மற்றொன்றுக்கு 17.42 என்றும் தெளிவாக இருந்தது. அந்த இயந்திரம் கையாண்ட ஜேபிக்2 என்னும் சுருக்கமுறை, ஒன்றுபோலத் தோன்றும் துண்டுகளை ஒரே துண்டாக வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே ஒட்டிவிடுகிற வழக்கமுடையது. அதனால் ஓர் எண்ணின் இடத்தில் மற்றோர் எண், சுத்தமாக, சந்தேகத்துக்கு இடமின்றி, வந்து அமர்ந்துவிட்டது. நிறுவனம் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. பத்திரங்களையும் பட்டாக்களையும் ஸ்கேன் செய்துவிட்டுத் தாளைத் தூக்கியெறிய நினைப்பவர்கள் இந்த வரலாற்றை மனத்தில் வைக்க வேண்டும்.

நிற்க. நஷ்டமே இல்லாமல் சுருக்கும் வடிவங்களும் உண்டு. அவற்றுள் ஜிஃப், 1987-ல் கம்ப்யூசெர்வ் என்ற அமெரிக்க நிறுவனத்தில் பிறந்தது. 256 வர்ணங்களுக்குமேல் அதற்குத் தெரியாது. ஆகையால் புகைப்படத்துக்கு ஏற்றதன்று. ஆனால் கோட்டுச் சித்திரத்துக்கும் சின்னத்துக்கும் அது போதுமானதாயிருந்தது. அதில் பயன்பட்ட சுருக்கமுறைக்கு யூனிசிஸ் நிறுவனத்திடம் காப்புரிமை இருந்ததும், 1994 டிசம்பரில், ஜிஃப்பை எழுதும் மென்பொருள்களுக்குக் கட்டணம் உண்டு என்று அறிவிக்கப்பட்டதும், கணினியாளர்களிடையே பெருங் கோபத்தை மூட்டின. அடுத்த மாதமே, 1995 ஜனவரியில், தாமஸ் பௌடெல் என்பவர் முன்வைத்த மாற்று யோசனையைப் பலர் கூடிச் செப்பனிட்டு, யாருக்கும் கட்டணம் செலுத்த வேண்டாத பிஎன்ஜி வடிவத்தை உண்டாக்கினார்கள். 1996 அக்டோபர் முதல் தேதியில் அது இணையத் தரநிலை அமைப்பின் பரிந்துரையாயிற்று. கோடிக்கணக்கான வர்ணங்களையும், ஊடுருவித் தெரியும் பின்புலத்தையும் தாங்கி, ஒரு பிக்சலையும் இழக்காமல் சேமிக்கும் இவ்வடிவம், ஊதியம் வாங்காத மனிதர்கள் ஒரு பொதுநன்மைக்காக ஒன்றுபட்டு உழைத்ததன் பயன். அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை 2003-ல் காலாவதியாயிற்று. அதற்குள் பிஎன்ஜி தன் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

பிஎன்ஜியிலிருந்து டிஃப்புக்கும், டிஃப்பிலிருந்து மறுபடி பிஎன்ஜிக்கும் சாதாரண வர்ணப் படம் ஒன்றை எத்தனை முறை மாற்றினாலும் பிக்சல்கள் பிசகுவதில்லை. ஜேபெக்கை பிஎன்ஜியாக மாற்றினால், இனிமேல் நஷ்டம் இராது என்பது மெய். முன்பு போனது திரும்பிவிடும் என்று நினைப்பது பிரமை. கோப்பு மட்டும் பல மடங்கு பெருக்கும். அதைக் கண்டு தரம் உயர்ந்துவிட்டதென்று மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். மறுபக்கம், கடைச் சின்னத்தின் பிஎன்ஜியை ஜேபெக்காக மாற்றுபவர்கள், ஜேபெக்குக்கு ஊடுருவும் பின்புலம் என்பதே கிடையாதாகலின், சின்னத்தைச் சுற்றி வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஒரு கட்டம் வந்து நிற்பதைக் கண்டு திகைக்கிறார்கள். கோப்பின் பெயரில் இறுதியிலுள்ள பிஎன்ஜி என்பதை அழித்து ஜேபிஜி என்று எழுதிவிட்டால் மாற்றம் முடிந்தது என்று எண்ணுவோரும் உண்டு. பெயர் மாறுமேயன்றி உள்ளே ஒன்றும் மாறாது. பிஎன்ஜி கோப்பின் முதல் எட்டு பைட்டுகளுக்குள்ளேயே அதன் மூன்று எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருப்பதால், கவனமுள்ள எந்த சர்வரும் அதைக் கண்டுகொண்டு நிராகரித்துவிடும்.

ஆவணக் காப்பகங்கள் இந்தச் சங்கடங்களையெல்லாம் ஒரு நல்ல வழக்கத்தால் தவிர்க்கின்றன. 1986-ல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட டிஃப் வடிவத்தில், சுருக்காமலோ நஷ்டமின்றிச் சுருக்கியோ, மூலக்கோப்பு ஒன்றை எடுத்துத் தனியே வைத்துவிடுவார்கள். வாசகர்க்கும் இணையத்துக்கும் வேண்டிய ஜேபெக் பிரதிகளை அதிலிருந்து அவ்வப்போது தயாரித்துக்கொள்வார்கள். பிரதியிலிருந்து பிரதி எடுப்பது அங்கே விலக்கு. அழியும் நிலையிலுள்ள சுவடிகளையும் நூல்களையும் உலகெங்கும் படமெடுக்க உதவும் பிரிட்டிஷ் நூலகத் திட்டம், டிஃப் மூலக்கோப்புகளையே கேட்கிறது. தாத்தாவின் கல்யாணப் படத்தை ஸ்கேன் செய்யக் கொடுப்பவர்கள், ஸ்டூடியோக்காரரிடம் டிஃப்பிலேயே கேட்டு வாங்குவது நலம். படம் ஒன்றுக்குச் சில பத்து எம்பி ஆகும் என்பதைத் தவிர வேறு ஆட்சேபம் சொல்ல ஒன்றுமில்லை.

புதிய வடிவங்களுக்கு வருவோம். 2010-ல் கூகுள் நிறுவனம் வெப்பியைக் கொண்டுவந்தது. 2017 முதல் ஆப்பிள் கைபேசிகள் எச்இஐசி வடிவத்தில் படங்களைச் சேமிக்கத் தொடங்கின. ஏறக்குறையப் பாதி இடத்தில், ஜேபெக்குக்கு நிகரான தரத்தை இது தருகிறதென்பது உண்மையே. ஆனால் வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் ஒரு பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். படம் ஜேபெக்கில் இருக்க வேண்டும்; 200-க்கு 230 பிக்சல்; 20 கேபிக்குக் குறையாமலும் 50 கேபிக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும்; கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் இருக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். அண்ணனுடைய போனில் எடுத்த எச்இஐசி படம் ஏறவில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கும் பையன் அதைத் தனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஜேபெக்காக வந்ததை எடுத்து, பெயிண்ட்டில் திறந்து சுருக்குகிறான். 14 கேபி என்று காட்டுகிறது. மறுபடி பெரிதாக்கி, மறுபடி சேமிக்கிறான். 58 கேபி. மறுபடியும் சுருக்குகிறான். ஒவ்வொரு சேமிப்பிலும் முகம் சற்றே மங்குகிறது. இறுதியில் எண் பொருந்திவிடுகிறது. அந்தப் பையன் திறமைசாலி; குறை அவனிடத்தில் இல்லை. ஒவ்வொரு தடவையும் முதற்படத்திலிருந்தே தொடங்க வேண்டும், அளவை முதலில் நிர்ணயித்துவிட்டுத் தரத்தை மட்டும் ஏற்றியிறக்க வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் என்று சென்று மோஸ்ட் கம்பாட்டிபிள் என்பதைத் தேர்ந்தால் அது ஜேபெக்கிலேயே எடுக்கும் என்பதும் பலருக்குத் தெரியாது.

மாற்றத்தில் பிக்சலோடு வேறு சிலவும் போகும். எடுத்த தேதி, இடம், கேமராவைப் பிடித்த வாட்டம் ஆகிய குறிப்புகள் படத்தோடு சேர்ந்தே எழுதப்பட்டிருக்கின்றன. வாட்டக் குறிப்பை மாற்றும் மென்பொருள் கைவிட்டால், நின்ற மனிதர் படுத்துக்கொள்கிறார். வர்ண எல்லையைச் சொல்லும் குறிப்பு போய்விட்டால் குங்குமச் சிவப்பு வெளிறுகிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பப்படும் படம் மறுபடி சுருக்கப்பட்டு இக்குறிப்புகளையும் இழக்கிறது. டாக்குமெண்ட் என்று தேர்ந்து அனுப்பினால் கோப்பு உள்ளபடியே போய்ச் சேரும்.

நல்ல கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ஜான் கிறிஸ்டி என்பவர் டூபாண்ட் நிறுவனத்தில் 1987-ல் எழுதத் தொடங்கியதும், 1990-ல் உலகுக்கு இலவசமாக அளிக்கப்பட்டதுமான இமேஜ்மாஜிக், ஒரே வரிக் கட்டளையால் ஒரு ஃபோல்டரிலுள்ள ஆயிரம் படங்களை மாற்றித் தரும். அதிலுள்ள மொக்ரிஃபை என்னும் கட்டளை, வடிவம் மாறாதபோது மூலக்கோப்பின் மேலேயே எழுதிவிடும் என்பதை மட்டும் அறிந்து, பிரதியின்மேல் அதை ஏவ வேண்டும். விண்டோஸில் இர்ஃபான்வியூ இருக்கிறது. மாக் கணினியில் பிரிவியூவே போதும். இவையிருக்க, ஆதார் அட்டையையும் மதிப்பெண் சான்றிதழையும், யார் நடத்துகிறார் என்று தெரியாத இலவச மாற்றுத் தளங்களில் ஏற்றுவது பெரிய அபாயம். ஏற்றிய பிரதி அங்கே எத்தனை நாள் இருக்கிறது, யார் கண்ணில் படுகிறது என்பதற்கு நம்மிடம் எந்த உத்தரவாதமும் இல்லை.

கடைசியாக, தேர்வு வாரியங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எச்இஐசி படத்தை ஏற்று, வேண்டிய அளவுக்கு வெட்டி, 50 கேபி ஜேபெக்காக்குவது, சர்வரில் நிறுவப்பட்ட ஓர் இலவச மென்பொருளுக்குச் சில விநாடி வேலை. அதைச் செய்யாமல், கணினியே இல்லாத வீட்டுப் பிள்ளைகளின் தலையில் கேபிக் கணக்கைச் சுமத்தி, அவர்களைப் பணம் கொடுத்து மாற்றவும், அறிமுகமில்லாத தளங்களில் தம் முகத்தையும் கையெழுத்தையும் ஒப்படைக்கவும் செய்வது எவ்விதத்திலும் தகாது. கைபேசியில் எடுத்த படம் எந்த வடிவத்தில் இருந்தாலும் ஏற்றுக்கொள்ளப்படும், மாற்றிக்கொள்ளும் பொறுப்பு எங்களுடையது என்ற ஒரு வரியை அடுத்த அறிவிக்கையிலேயே சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.